கொக்கியில் இறங்காத பாரம்

பெரிய பின் ஆக்சில் போட்ட பிக்கப் வண்டியை ஓட்டுகிறவர்கள் நடக்கிற நடையே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். கடைத்தெருவுக்குக் காய் வாங்கப் போனாலும், பின்னால் எதையோ இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் போலத் தோளை விரித்துக்கொண்டு நடப்பார்கள். எங்கள் மாப்பிள்ளையும் அப்படித்தான் நடந்தார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது சக்கரங்களைத் தாங்குகிற அந்த ஆக்சிலைப் பற்றி.

ஐயா, அந்த மெக்கானிக்கை விட்டுவிடுங்கள். பொருந்தாத பழைய ஆக்சிலை மாட்டிவிட்டார், பாரம் தாங்காமல் அது முறிந்துதான் வண்டி கவிழ்ந்தது என்று அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வண்டி கவிழ்ந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதிய பிறகுதான் அது முறிந்தது. அதற்கு முன்னால் நடந்தது என் கை வேலை. நான் வாயால் சொன்னதை உங்கள் ஆள் எழுதிக்கொள்வார் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன். வயதான பிறகு கற்றுக்கொண்ட எழுத்து, கொஞ்சம் கோணலாக இருக்கும்.

மாப்பிள்ளை என்றது என் தங்கையின் புருஷனை. வெல்டர். எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கையை வளர்த்து ஆளாக்கியது நான். கட்டிக்கொடுத்த பிறகும் அவளை எங்கேயும் அனுப்பவில்லை. மாடி அறைக்கு வெள்ளையடித்து இரண்டு பேரையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். கிடங்கில் நாளெல்லாம் சரக்கு ஏற்றிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, “அண்ணே, வந்துட்டியா?” என்று மேலேயிருந்து குரல் வரும். எனக்கென்று தனியாக ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

மாப்பிள்ளையும் தங்கமான மனிதர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். அவருடைய பிக்கப்பில் முதலில் இருந்தது சின்ன ஆக்சில். கனமாக எதையாவது கட்டி இழுத்தால் மேட்டில் முனகும். உடைப்புக்கு வந்த ஒரு பெரிய வண்டியிலிருந்து இதை எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டினார். அன்று சாயங்காலம் என்னை வண்டிக்கு அடியில் குனிய வைத்தார்.

“நல்லா பாருங்க மச்சான். பழசு என் மணிக்கட்டு மாதிரி. இது உங்க தொடை மாதிரி.”

“என் தொடைய எப்ப மாப்ளே அளந்தீங்க?”

“அளக்கணுமா என்ன? நீங்க மூட்டை தூக்குறப்ப ஊரே பாக்குதே.”

தங்கை மாடிப்படியில் நின்று சிரித்தாள். “தூக்கத்துலகூட ஆக்சில் ஆக்சில்னுதான் உளறுறாருண்ணே. பேசாம அதையே கட்டியிருக்கலாம், எனக்கும் நிம்மதி.”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அவர் சொன்னார்: “துறைமுகத்துல வேலை கெடச்சிருச்சு மச்சான். பட்டறைச் சாமான், வீட்டுச் சாமான் எல்லாத்தையும் பின்னாடி ஒரு டிரெய்லர்ல ஏத்திக் கட்டி, ஒரே இழுப்புல கொண்டு போயிரலாம்.”

தங்கை சிரிப்பை நிறுத்தினாள். “நானே சொல்லணும்னு இருந்தேண்ணே” என்றாள்.

நான் கோபப்படவில்லை. கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன். அடுத்த வாரம் முழுக்க அவள் அந்த ஊர் வீட்டைப் பற்றியே பேசினாள். ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியுமாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்ப்பாளாம். விருந்தாளி பேசுகிற மாதிரி பேசினாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆக்சில் எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்று எல்லாரும் பேசுவார்கள். இழுத்துக்கொண்டு வருவது அடங்கி வருமா என்பது ஆக்சில் கையில் இல்லை, ஏற்றுகிறவன் கையில் இருக்கிறது. டிரெய்லரில் கனமான சாமானை அதன் சக்கரத்துக்கு முன்னால், வண்டிப் பக்கமாக வைக்க வேண்டும். அப்போதுதான் டிரெய்லரை வண்டியோடு மாட்டியிருக்கிற கொக்கியில் கொஞ்சம் பாரம் இறங்கும். டிரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்கும். கனத்தைப் பின்கோடியில் வைத்தால் அது கொக்கியை மேலே தூக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் வேகம் எடுத்தால் இடமும் வலமும் அலைய ஆரம்பிக்கும். பயந்துபோய் பிரேக்கை மிதித்தால், அதோடு சரி. எங்கள் கிடங்கில் துடைப்பம் பிடிக்கிறவருக்குக்கூட இது தெரியும்.

மாப்பிள்ளைக்குத் தெரியாது. இரும்பை ஒட்டத் தெரிந்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

“நீங்கதான் ஏத்தணும் மச்சான். உங்க கை பட்டா கண்ணாடி டம்ளர்கூட உடையாது” என்று அவரே கேட்டார். காலையில் தொடங்கி, அவசரப்படாமல் ஏற்றினேன். மெத்தை, தலையணை, துணி மூட்டை, காலி டிரம் எல்லாம் முன்னால். வெல்டிங் மெஷின், துளை போடும் மெஷின், பட்டறைக் கல், இரும்புத் துண்டுகள் போட்ட பெட்டி எல்லாம் பின்கோடியில். மேலே தார்ப்பாயை இழுத்து மூடிக் கயிறு போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி வந்தார். பின்புறத்தைத் தட்டிப் பார்த்தார். வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களா மச்சான்? இத்தனையையும் கட்டி இழுக்குது, பின்னாடி ஒரு விரக்கடை அமுங்கல. ஆக்சில்னா இதுதான் ஆக்சில்.”

அமுங்காததற்கு ஆக்சில் காரணமில்லை. கொக்கியில் பாரமே இல்லை. டிரெய்லர் அதை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அவர் கண் முன்னாலேயே நின்றது. “ஆமா மாப்ளே, நல்ல ஆக்சில்” என்றேன். அது பொய்யும் இல்லை.

முதலில் இருந்த சின்ன ஆக்சிலாக இருந்திருந்தால் நான் அப்படி ஏற்றியிருக்க மாட்டேன். சின்ன ஆக்சில்காரர் பயந்து பயந்து மெதுவாகப் போவார். பெரிய ஆக்சில்காரர் பாலத்து இறக்கத்தில் காலை அழுத்துவார். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் ஏற்றினேன்.

வழியில் வண்டி ஆடினால் பயந்து திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் எண்ணம் என்று முதலில் இங்கே எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்கே தெரியும். அந்தப் பாலம் நான் தினமும் போய் வருகிற பாலம். அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை.

மறுநாள் தங்கையை நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விடுவதாக ஏற்பாடு. மறுநாள் அதற்குத் தேவை இருக்காது என்பது எனக்கு மட்டும் தெரியும். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பிய நேரத்தில் அவள் கைப்பையோடு இறங்கி வந்தாள்.

“நானும் இதுலயே போறேண்ணே. தனியா ஓட்டுனா தூங்கிருவாரு.”

“பஸ்ல போலாம்னு சொன்னமே பாப்பா.”

“அட, நீ ஏத்துன வண்டிண்ணே. பயமென்ன?”

ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போது எனக்கு அவகாசம் இருந்தது. “இருங்க மாப்ளே, ரெண்டு சாமானை மாத்தி வைக்கணும்” என்று சொன்னால் போதும். அரை மணி நேர வேலை. ஏன் சொல்லவில்லை என்றுதான் நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். சொல்லியிருந்தால் சாமான் சரியாக உட்கார்ந்திருக்கும். வண்டி ஒழுங்காகத் துறைமுகம் போய்ச் சேர்ந்திருக்கும். அவளும் போய்ச் சேர்ந்திருப்பாள். நான் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தார்ப்பாயைத் தட்டினேன்.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். அவளுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கீழ் அறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நான்தான். பார்க்க வருகிறவர்களிடம், “எங்கண்ணன் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?” என்கிறாள். மெக்கானிக்கின் சம்சாரம் வந்து வாசலில் அழுதுகொண்டு நின்றபோது, மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். செய்யாதவரைத் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் வந்தேன்.

என்னை உள்ளே வைப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆள் பாருங்கள். புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். இதையெல்லாம் அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. சொல்வதாக இருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயிர் தப்பியதே சீட் பெல்ட்டால்தான் என்று டாக்டர் சொன்னார். அவளுக்குப் பெல்ட் போடுகிற பழக்கமே கிடையாது. வண்டி நகர்வதற்கு முன்னால் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அதை இழுத்து மாட்டிவிட்டது நான்தான்.