பதினோரு வாய்களும் ஒரு மஞ்சள் தட்டும்

இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டக் கத்தியைவிட நூல் நல்லது. கத்தி ஓரத்தைப் பிய்த்துவிடும். ஒன்றேகால் வயதுக் குழந்தை ஓரம் பிய்ந்த இட்லியைக் கையில் எடுக்கும், திருப்பிப் பார்க்கும், தட்டிலேயே வைத்துவிடும். அதற்கும் மானம் உண்டு. இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். என் நோட்டில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இப்போது விஷ்ணுப்ரியா மேடம் போட்டிருக்கும் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

சரோஜினி மேடம், நடந்ததை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். கொஞ்சம் மிகும். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவர், பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

நான் பொழிச்சலூர் ஜெயவேலுவின் மகள். அப்பா பல்லாவரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். உணவியலும் ஊட்டச்சத்தும், முதல் வகுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் சேலையூரில் உங்கள் குழந்தைகள் காப்பகத்துக்கு வேலை கேட்டு வந்தபோது நீங்கள் என் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தீர்கள். “ஆறு மாசம் பாரும்மா தேவதர்ஷினி. அப்புறம் வாசல் போர்டுல உன் பேரைப் போட்டுடலாம். ஊட்டச்சத்து ஆலோசகர்னு” என்றீர்கள். அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். நீங்கள் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது நான் அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டில் ஒன்று நடந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. பத்து மாதத்திலிருந்து இரண்டு வயது வரை பதினோரு பேர். அவர்களின் அம்மா அப்பாக்கள் ஏழே முக்காலுக்கு விட்டுவிட்டு மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். காலைச் சாப்பாடு நம் பொறுப்பு. ஊட்டிவிடக் கூடாது, குழந்தையே எடுத்துத் தின்ன வேண்டும். அதற்கு உணவு பெரியவர் விரல் நீளத்தில் இருக்க வேண்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காதது தட்டுக்குப் போகக் கூடாது. கேழ்வரகு அடையைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுத்தேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஆவியில் வைத்துக் கொடுத்தேன். நேந்திரம்பழத்தை அவித்து நீளவாட்டில் பிளந்து நெய் தடவிக் கொடுத்தேன். எதை யார் தின்றார்கள், எதை யார் தலையில் தேய்த்துக்கொண்டார்கள் என்று தினமும் எழுதினேன். இருபத்தாறு பதார்த்தம் சேர்ந்தது.

அந்த நோட்டைத்தான் நீங்கள் வாங்கி, நம் ஸ்ரீநிவாசனின் அம்மா விஷ்ணுப்ரியா மேடத்திடம் கொடுத்தீர்கள். ஸ்ரீநிவாசன் என்றதும் பெரியவர் யாரோ என்று நினைக்க வேண்டாம், வயது ஒன்றேகால், தாத்தா பெயர். “இங்கிலீஷ்ல மட்டும் மாத்திக் குடுப்பாங்க” என்றீர்கள். நாலு மாதம் கழித்து அது வழவழ அட்டையோடு புத்தகமாக வந்தது. முகப்பில் அவர் படம், அவர் பெயர். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘சமையலறை உதவி: தர்ஷினி, சரசு.’

ஆயா சரசு அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “பார்றீ, என் பேரு பொஸ்தகத்துல வந்துகீது!” என்று காய்கறிக்காரர் வரைக்கும் காட்டினாள். நான் சந்தோஷத்தில் கலந்துகொண்டேன்.

அதே வாரம் வாசலில் புதுப் போர்டு வந்தது. யாரோ சொல்லி அப்பா கேள்விப்பட்டிருக்கிறார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, படம் எடுக்க செல்போனைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘ஊட்டச்சத்து ஆலோசகர்: திருமதி விஷ்ணுப்ரியா ஷ்யாம்சுந்தர்.’ கீழே தேடினார், பக்கவாட்டில் தேடினார், போர்டுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார்.

“உன் பேரு எங்கம்மா கீது?”

“இன்னும் எழுதலப்பா. பெயிண்ட் காயணுமாம்.”

“அப்ப காஞ்சதும் சொல்லு, வர்றேன்” என்று கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வி. “காஞ்சிச்சா?”

விஷ்ணுப்ரியா மேடம் கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். “தர்ஷினி, நீ ரொம்ப நல்லா குக் பண்றே. பட் உன்கிட்ட பிரசன்டேஷன் இல்லம்மா. ஸ்டீல் தட்டுல வெச்சா எந்த பேபி சாப்பிடும்? பேபீஸ் முதல்ல கண்ணாலதான் சாப்பிடுவாங்க.”

அதை நான் மறுக்கவில்லை. மிகச் சரியான கருத்து. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவர் பதினோரு மஞ்சள் தட்டு கொண்டுவந்து கொடுத்தார். ரப்பர் மாதிரி இருக்கும், மேசையில் அழுத்தினால் அட்டைப்பூச்சி போலக் கவ்விக்கொள்ளும், பிள்ளைகள் தூக்கி எறிய முடியாது. ஆறு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை, பெற்றோர் முன்னிலையில் புத்தக வெளியீடு. பதினோரு குழந்தைகளும் அந்தத் தட்டில் அவர் சமைத்ததைச் சாப்பிட, அதை அவர் போனில் நேரலையாகக் காட்டுவதாக ஏற்பாடு. “அதுக்குள்ள பசங்களுக்கு இந்தத் தட்டைப் பழக்கிடு” என்றார்.

பழக்கினேன்.

காலை எட்டேகாலுக்கு மஞ்சள் தட்டு. அதில் விதை எடுத்து ஆவியில் வேகவைத்த பாகற்காய், விரல் நீளம். உப்பில்லை, புளியில்லை, வெல்லமில்லை. நசுக்கிப் பார்த்துத்தான் வைத்தேன். பத்து நிமிடம் கழித்து மஞ்சள் தட்டை எடுத்துவிட்டு ஸ்டீல் தட்டு. அதில் நெய் தடவிய நேந்திரம்பழம். ஒரு குழந்தையும் பட்டினி கிடக்கவில்லை, யாருக்கும் எடை குறையவில்லை. பாகற்காய் உடம்புக்கு நல்லது. எந்த மருத்துவரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

சரசு அக்காதான் முதல் நாளே முணுமுணுத்தாள். “இன்னாமா இது, பச்சக் கொயந்திங்களுக்குப் போயி பாவக்காயக் குடுக்கறே?”

“சத்துக்கா.”

“இன்னா சத்து? எனுக்கே தொண்டைல எறங்க மாட்டேங்குது.”

“நீ ஏன்க்கா தின்னே?”

“வீணாப் போவுதேன்னு நாலு வாய் போட்டேன். இப்ப டீ குடிச்சாக்கூடக் கசக்குது.”

முதல் வாரம் முகம் சுளித்தார்கள். இரண்டாம் வாரம் தட்டு வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் தட்டு காலியாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு பத்து மாதக் குழந்தை உதட்டை உள்ளே மடித்து மூடும்போது அந்த முகம் எழுபது வயதுக் கிழவர் முகம் மாதிரி ஆகிவிடும். பதினோரு சின்ன நாற்காலியில் பத்துக் கிழவர்களைத் தினமும் பார்த்தேன்.

நாலாம் வாரம், ஸ்ரீநிவாசன் ரோட்டில் போகிற ஆட்டோவையெல்லாம் பார்த்து அழுகிறான் என்று அவன் அப்பா ஷ்யாம்சுந்தர் சார் குறைப்பட்டுக்கொண்டார். ஆட்டோ மஞ்சள். பக்க விளைவு என்று குறித்துக்கொண்டேன். ஐந்தாம் வாரம் அப்பா என்னை அழைத்துப் போக வண்டியோடு வந்தார். வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

“இன்னாமா, என்னியப் பாத்து அழுவுதுங்க? நான் இன்னா பண்ணேன்?” அப்பா சவரம் செய்த முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

“உன்ன இல்லப்பா. வண்டிய.”

“வண்டி இன்னா பண்ணுச்சு?”

அதையும் குறித்துக்கொண்டேன்.

ஜேசன் விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. ரயில்வேயில் வேலை பார்க்கும் வில்பிரட் சாரின் மகன், பதினாலு மாதம், பல் ஆறு. முதல் நாள் பாகற்காயை எடுத்தான், கடித்தான், யோசித்தான், சிரித்தான். பக்கத்துத் தட்டில் இருந்ததையும் எடுத்துத் தின்றான். மறுநாள் கசப்பு கூடட்டும் என்று நாட்டுப் பாகற்காயாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டான். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கிவிட்டேன். அவன் அழுதான். பாகற்காய் வேண்டும் என்று ஒரு குழந்தை அழுவதை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எந்தக் கணக்கெடுப்பிலும் இப்படி ஒருவன் வருவான் என்று எங்கள் பேராசிரியை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அவன் என்ன செய்வான் என்பது அன்றைக்கே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பார்வையில் சொல்லிவிடுகிறேன். விஷ்ணுப்ரியா மேடம் மஞ்சள் சேலையில் வந்தார். அது என் திட்டத்தில் இல்லை, தானாக அமைந்தது. ஓட்ஸ் குச்சி, வெண்ணெய்ப்பழத் துண்டு, மேலே எள்ளு தூவி, பார்க்க நன்றாகவே இருந்தது. பதினோரு தட்டும் மேசையைக் கவ்விக்கொண்டன. “ஹாய் ஃபிரெண்ட்ஸ், இன்னிக்கு நம்ம குட்டி செஃப்ஸ் என்ன சாப்பிடப் போறாங்கன்னா” என்று போனைத் திருப்பினார். ஸ்ரீநிவாசன் தட்டைப் பார்த்தான், அம்மாவின் சேலையைப் பார்த்தான், கீழுதடு துடித்தது. அதன்பிறகு தாம்பரம் சிக்னலில் பச்சை விழுந்ததும் ஹாரன் கிளம்புமே, அப்படி அழுகை ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. தட்டைத் தூக்க முடியாததால் உணவை எறிந்தார்கள். வெண்ணெய்ப்பழம் ஷ்யாம்சுந்தர் சாரின் சட்டைப்பையில் விழுந்தது. மேலே விமானப்படை விமானம் ஒன்று தாழப் பறந்து போனதுகூட யாருக்கும் கேட்கவில்லை.

நான் சுவரோரமாக நின்றேன். சிரிக்கவில்லை. அப்படி நீங்கள் நினைத்தால் தவறு.

ஜேசன் மட்டும் தன் தட்டைக் காலி செய்தான். பிறகு இறங்கி, ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு தளர்நடை போட்டு, மற்ற பத்துத் தட்டிலும் மிஞ்சியதைக் காலி செய்தான். விஷ்ணுப்ரியா மேடம் சாமர்த்தியசாலி. போனை அவன் பக்கம் மட்டும் வைத்துக்கொண்டார். இரண்டே நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். மஞ்சள் தட்டு எங்கே கிடைக்கும் என்று அமெரிக்காவிலிருந்து கேட்கிறார்கள். அவருக்கு இந்த விஷயத்தில் எந்த நஷ்டமும் இல்லை. இதை என் தண்டனையைத் தீர்மானிக்கும்போது நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, நான் தினமும் குறித்துவைத்த பதிவேடு. திங்கட்கிழமை அதைக் கையில் வைத்துக்கொண்டு, “இப்படி ஒரு அக்கிரமத்தைச் செஞ்சிட்டு அதை நாள்வாரியா எழுதியும் வெச்சிருக்கியே, உனக்கு மூளை இருக்கா?” என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். முப்பது பக்கம். தேதி, குழந்தையின் பெயர், எத்தனை நொடி அழுகை, எல்லாம் கோடு போட்டு அட்டவணையாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘ஜெ. தேவதர்ஷினி, பி.எஸ்சி., ஊட்டச்சத்து ஆலோசகர்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறைக்கத் தெரியாமல் இல்லை மேடம். அந்தப் பெயரை எழுத எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அவ்வளவுதான். பாகற்காய் கொடுத்தது நான். மஞ்சள் தட்டில் கொடுத்தது நான். தெரிந்தேதான் கொடுத்தேன். குழந்தைகளின் நன்மைக்காக என்று சொன்னால் பாதி பொய்யாகும், அறிவியலுக்காக என்றால் முக்கால் பொய்யாகும். ஆனால் கோபத்தில் செய்தது என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். கோபக்காரிகள் ஆறு வாரம் காத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. தினமும் எட்டரை மணிக்கு உள்ளே வந்து, பலமாக மூன்று முறை கை தட்டி, “குட் மார்னிங் பட்டூஸ்!” என்பீர்கள். கொஞ்ச நாளாக அதைக் கேட்டதும் பிள்ளைகள் வீரிட்டு அழுவதைப் பார்த்து, “பல் முளைக்குது போல” என்றீர்கள். நானும் ஆமாம் என்றேன். நீங்கள் பதிவேட்டை முன்பக்கத்திலிருந்து மட்டும் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் இன்னொரு அட்டவணை இருக்கும். நீங்கள் கை தட்டும் நேரத்தில்தான் நேந்திரம்பழத் தட்டுகளை எடுப்பேன், வாய் பாதி திறந்திருக்கும்போது. ஜேசனின் தட்டு மட்டும் அதற்குள் காலியாகியிருக்கும். நீங்கள் அலுவலக அறைக்குப் போனதும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

என்னை வேலையைவிட்டு அனுப்புவதானால் அனுப்புங்கள். அப்பாவிடம் போர்டு விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள், இன்னும் பெயிண்ட் காயும் என்று இருக்கிறார்.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை, உங்கள் மேல் உள்ள மரியாதையால் சொல்கிறேன். அடுத்த மாதம் ஆண்டு விழா. பிள்ளைகள் பூ வேஷத்தில் மேடையேறுவார்கள். முந்நூறு பேர் கை தட்டுவார்கள்.

ஜேசன் சிரிப்பான். மற்ற பத்துப் பேருக்கு நான் பொறுப்பு.