உள்ள இருக்கிறவங்க நம்ம ஆளுங்கதானே

இல்ல சார், ஆபரேட்டர் அண்ணன் மேல தப்பே கெடையாது. அவரு பேர அடிச்சிட்டு என் பேர எழுதுங்க. பத்தொம்பது வருஷமா இந்த ரத்த டெஸ்ட் லேப்ல கம்ப்யூட்டர் மெஷினக் கட்டிக்கிட்டு அழுத மனுஷன். அவர சஸ்பெண்டு பண்ணி வீட்ல உக்கார வெச்சிருக்கீங்களே, அடுக்குமா?

கெர்னல்ல, அதான் மெஷினோட அடி மூளையில, ஓட்டைன்னு அறிவிப்பு வந்த அன்னிக்கே வந்து நின்னாரு. பேட்ச் போட்டு அத அடைச்சிடலாம்மா, ஒரே ஒரு ரீஸ்டார்ட்டுதான்னாரு. நாந்தான் படிச்சிட்டு சிரிச்சேன். அது லோக்கல் ஓட்டை சார். வெளியில இருக்கிறவன் அதத் தொடவே முடியாது. உள்ள ஒரு சாதா லாகின் இருக்கணும். இருந்துட்டா, அத வெச்சே மொத்த மெஷினுக்கும் முதலாளி ஆயிடலாம். உள்ள இருக்கிறவங்க நம்ம ஆளுங்கதானே அண்ணே, ரிப்போர்ட்டுக்கு அத்தன பேரு க்யூவுல நிக்கிறப்ப மெஷின நிறுத்தச் சொல்றீங்களேன்னேன். அவரு சீட்டுக்கே திரும்பிப் போயிட்டாரு, பாவம்.

ஆமா, உள்ள புகுந்த திருடன் கம்ப்யூட்டர்ல இருந்த எல்லா ரிப்போர்ட்டையும் பூட்டிட்டான், பேக்கப்பையும் சேத்து. நேத்துகூட ஒரு அம்மா பழைய ரிப்போர்ட்டு கேட்டு கவுண்டர்ல அழுதாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பதில் சொல்ல?

எந்த லாகின்ல வந்தானா? சொல்றேன் சார், அதச் சொல்லத்தான வந்தேன். வேலைய விட்டுப் போறவங்க லாகின அன்னிக்கே அழிக்கணும். அது என் வேல, அந்த ரூல எழுதுனதே நாந்தான். நாப்பது பேரோடத அழிச்சிருக்கேன். ஒண்ண மட்டும் விட்டுட்டேன். அதோட பாஸ்வேர்ட எங்கயோ திருடி உள்ள வந்திருக்கான். யானை தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்ட கததான்.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

எங்க வீட்டுக்காரரோடது சார். இதே லேப்தான், எனக்குப் பக்கத்து சீட்டு. அவரு தவறி ஏழு மாசமாச்சு. தெனம் காலைல யூசர் லிஸ்டத் தொறந்தா, அவரு பேருக்கு நேரா கடைசியா உள்ள வந்த தேதி இருக்கும். ஆஸ்பத்திரியில சேக்குறதுக்கு முந்தின நாளு. அத ஒரு தடவ பாத்துட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பேன். அழிக்க மனசு வரல சார்.

இப்ப அந்த எடத்துல திருடன் வந்த தேதி இருக்கு.

எழுதிக்கிட்டீங்களா? அண்ணன நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிடுங்க.