பேசாலைப் பிள்ளையின் கவுன்

ஒரு எலுமிச்சம்பழம் நூறு ரூபாய்க்குப் போகும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நீங்களும் இந்தப் பக்கத்துக்குப் புதிது போலிருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். எங்கள் கிறிஸ்தவ சபைகளில் அறுப்புப் பண்டிகையன்று காணிக்கையாக வருவதையெல்லாம் ஏலம் விடுவோம். தேங்காய், கோழி, பூசணிக்காய், எது வந்தாலும். எடுத்தவர் பெரும்பாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். பணத்தைக் கட்டிவிட்டு, பொருளை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். அதில் ஒரு கௌரவம். சங்கரன்கோவில் பூச்சந்தையில் பிச்சியும் மல்லியும் கூறி விற்றுப் பழகிய தொண்டை என்பதால் சபையிலும் நான்தான் ஏலம் கூறுவேன்.

போன வருஷம், எண்பத்தைந்தில், இலங்கையில் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஜனங்களுக்குப் பால்பவுடரும் மருந்தும் அனுப்ப ஒரு நிவாரணக் குழு ஆரம்பித்தோம். நான் செயலாளர். அதில் ஒரு பைசா என் வீட்டுக்குப் போனதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு போனால் பாதிப் பேர் கடைக்குள் போய்விடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நடப்பது இவர்களுக்குச் செய்தித்தாளோடு சரி.

அப்போதுதான் மெற்றில்டா வந்தாள். மன்னார் பக்கம் பேசாலை. தனுஷ்கோடி மணல்திட்டுக்கு அருகில் படகு கவிழ்ந்தபோது மகளை எட்டிப் பிடித்திருக்கிறாள். இழுத்த இழுப்பில் கவுன் மட்டும் கையோடு வந்துவிட்டது. எங்கள் சபையார் அவளுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். அறுப்புப் பண்டிகையன்று எல்லோரும் காணிக்கை வைக்க, அவளும் எழுந்து போய் அந்தக் கவுனை மடித்து வைத்தாள்.

"என்னட்ட வேற ஒண்டும் இல்லை, அண்ணை" என்றாள்.

நான் அதை ஏலத்தில் விட்டேன். ஊரில் வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. நீல நிறம், கழுத்தில் ஒரு பொத்தான் குறைவு. கோவிலே அழுதது. பனவடலிசத்திரத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆறுமுகச்சாமி, திருநீறு பூசிய, காட்டில் பாடுபடுகிற சம்சாரி, அவர்தான் எடுத்தார். பணத்தை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"செத்த பிள்ளை துணிய நான் எப்படிவே வீட்டுக்குக் கொண்டுட்டுப் போவேன்? திரும்ப ஏலத்துல விடும்."

அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போனோம். மெற்றில்டா நடந்ததைச் சொல்வாள், நான் கவுனைத் தூக்கிப் பிடிப்பேன். எடுத்தவர் யாரும் அதைக் கொண்டுபோகவில்லை. அதனால் கவுனும் தீரவில்லை. மருந்துப் பெட்டிகள் ராமேஸ்வரம் வழியாகப் போய்க்கொண்டே இருந்தன.

ஐப்பசி மழையில் ஒரு நாள் என் பூக்கடைக்கு ஒரு ஆள் வந்தான், தோளில் பிள்ளையோடு. மெற்றில்டாவின் தம்பி சவிரிமுத்து. கடலில் விழுந்த அக்காள் பிள்ளையை வேறொரு படகுக்காரன் தூக்கித் தலைமன்னாருக்கே கொண்டுபோய்விட்டானாம். அக்காளைத் தேடி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கே விசாரித்து இங்கே வந்திருக்கிறான். மெற்றில்டா அன்று ராத்திரிக் கூட்டத்துக்காக எனக்கு முன்னாலேயே கடையநல்லூர் போயிருந்தாள். சாயங்காலக் கணக்கெடுப்பில் ஆள் இல்லையென்றால் முகாமில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று அவனுக்குப் பதற்றம்.

"அண்ணை, நீங்களே அக்காட்டக் குடுத்துடுங்கோ" என்றான்.

பிள்ளை பெயர் டிலானி. என் கையில் தந்துவிட்டு பஸ் ஏறினான். அப்புறம் குடும்பத்தைக் கூட்டிவர மறுபடி கடல் தாண்டிப் போயிருக்கிறான்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். சிவகிரி, ராஜபாளையம் என்று வரிசையாகக் கூட்டங்கள் ஒப்புக்கொண்டாயிற்று. உயிரோடிருக்கிற பிள்ளையின் பழைய கவுனை எவன் எடுப்பான்? அந்தப் பக்கம் மருந்தில்லாமல் கிடக்கிற பிள்ளைகள் எத்தனை. கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் என்று நினைத்தேன். மலையடிவாரத்தில் ஒரு அநாதை விடுதியில், பிள்ளைக்கு ஞானதீபம் என்று வேறு பெயர் கொடுத்துச் சேர்த்தேன். செலவு என் கைக்காசு. புதுக் கவுன் இரண்டு எடுத்துக் கொடுத்தேன், நல்ல துணியில்.

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்காது என்று விடுதியில் குறைபட்டுக்கொண்டார்கள். நான் போகும்போதெல்லாம் பிஸ்கட் வாங்கிப் போவேன். வாங்கிக்கொண்டு, "அம்மா வரேல்லையா?" என்று கேட்கும். அடுத்த தடவை வருவாள் என்பேன். அது அப்படியே நம்பும். எனக்கு வருத்தமில்லை என்று எண்ணிவிடாதீர்கள் சார். திரும்பி வரும் பஸ்ஸில் பல தடவை கண்ணைத் துடைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. வசூல் அவ்வளவு நன்றாக இருந்ததால் பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தை மாதத்தில் விடுதியில் தட்டம்மை பரவியது. எனக்கு ஆள் வந்து சொல்வதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் பண்ணும்போது பக்கத்தில் நான் இருந்தேன். சிலுவையில் ஞானதீபம் என்றுதான் இருக்கிறது. பெயரை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவகிரிக் கூட்டத்தில் மெற்றில்டா வழக்கம்போல் பேசினாள். நான் கவுனைத் தூக்கியபோது என் குரல் கம்மிவிட்டது. அன்றைக்குத்தான் எல்லாரும் அள்ளிக் கொடுத்தார்கள்.

நேற்று சவிரிமுத்து திரும்பி வந்தான். பிள்ளையை என்னிடம் கொடுத்ததை அக்காளிடம் சொல்லியிருக்கிறான். காலையில் இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். மெற்றில்டா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ட பிள்ளைய இவ்வளவு காலம் வச்சுப் பாத்தீங்களே அண்ணை. எங்க இருக்கிறாள்? எனக்கு ஏன் சொல்லேல்ல?"

ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டுக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி நேரே இங்கே வந்தேன். பின்னாலேயே வந்துவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாருங்கள். பிள்ளை பசியோடு வரும் என்று கையில் பன் வாங்கி வைத்திருக்கிறாள்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள் சார். அவள் அழுவதை என்னால் பார்க்க முடியாது.