பக்கத்து நாற்காலிக்காரர்

சத்தியம் தம்பி, சத்தியம்! விவேக்நகர் குழந்தை ஏசு மேல சத்தியம். நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்த நாக்கு இப்பவே இந்த ஏ.சி. காத்துல வெறச்சிப் போவட்டும். சத்தமா சொல்லிட்டனா? கவுன்ட்டர்ல இருக்கிற அந்தப் பொண்ணு திரும்பிப் பாக்குது. ஒண்ணுமில்லம்மா, நீ உன் கம்ப்யூட்டரப் பாரு. பெரியவங்க பேசிக்கிறோம்.

உக்காருங்க தம்பி. உங்க டோக்கன் நாப்பத்தேழு. இப்பத்தான் நாப்பத்தொண்ணு உள்ள போயிருக்குது, அவசரமே இல்ல. காப்பி குடிங்க, ஓசிதான். இந்தக் கட்டடத்துல ஓசியாக் கெடைக்கிறது அது ஒண்ணுதான். உங்க பொண்ணு எங்க, காலேஜ் லேப் காட்டறேன்னு ஒரு அக்கா கூட்டினு போயிடுச்சா? அப்படித்தான் செய்வாங்க. திரும்பி வரும்போது புள்ள கண்ணு மின்னும் பாருங்க. அதுக்கப்புறம் எந்த அப்பன் வாயிலயும் இல்லன்னு வராது.

பாலக்கோடுன்னீங்க. பேரு பழனிச்சாமி. பொண்ணு இளவேனிலு. சேலத்துல கவர்மெண்ட் காலேஜ்ல சிவில் கெடச்சிருக்குது, இங்க கம்ப்யூட்டர் சயின்ஸ். எது ஒசத்தின்னு ரெண்டு மாசமாத் தூக்கமில்ல. கடைசில டி.டி. எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க, அந்தப் பைய மடியிலயே வெச்சிருக்கீங்க. எப்படித் தெரியுமா? நீங்களேதான் சொன்னீங்க, கால் மணி நேரத்துக்கு முன்னால. பக்கத்து நாற்காலிக்காரன்கிட்ட எல்லாரும் சொல்லுவாங்க.

நானா? நான் முப்பது வருஷம் ரெசிடென்சி ரோட்டுல ஏலக்கடையில ஏலம் கூவினவன். மூணு கால் நாற்காலி ஒண்ணு வந்துச்சு ஒரு தடவ. நாலாவது கால மைசூர் அரமன யானை மிதிச்சி ஒடச்சதுன்னு சொன்னேன். நல்ல நாற்காலிய விட ஜாஸ்தி வெலைக்குப் போச்சு. வாங்கினவரு பக்கத்துல வந்து, அந்த யானை பேரு என்னன்னு கேட்டாரு. சாமுண்டின்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாரு.

சிரிக்கிறீங்க, நல்லது. ஆனா இப்ப சொல்றது அந்த மாதிரி கதை இல்ல. இது அர்ஜுனன் கதை.

அர்ஜுனன் பொம்மனஹள்ளிக்காரன். கவர்மெண்ட் ஃபேக்டரியில லேத் ஓட்டுனவன். கையால தடவிப் பாத்தே எவ்ளோ தேயணும்னு சொல்லுவான், அப்படி ஒரு வேலைக்காரன். பொண்டாட்டி லட்சுமம்மா. ஒரே பையன் உமேஷு. தொண்ணூத்தாறுல பையனுக்கு வெளியூர் கவர்மெண்ட் காலேஜ்ல மெக்கானிக்கல் கெடச்சுது. உங்களாட்டமேதான். அந்தம்மா, அதுவே போதும்யா, உன் மாதிரி மெஷின் தொழில்தானே, அதையே படிச்சித் தொழிலாப் பண்ணட்டும்னுச்சு. பையன் கம்ப்யூட்டர்னான். அர்ஜுனன் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, சும்மா விசாரிச்சிட்டு வரலாம்னு இங்க வந்தான். இதே ஹால்தான். அப்ப ஏ.சி. இல்ல, ஃபேன்.

வந்தவனுக்குப் பக்கத்து நாற்காலில ஒரு பெருசு. வெள்ளச் சட்ட, நெத்தியில கவலையே இல்லாத ஆளு. தம்பி என்னா விசயம்னு கேட்டுச்சு. இவன் எல்லாத்தையும் கொட்டிட்டான். அந்தப் பெருசு என்னா சொல்லுச்சு தெரியுமா? என் பையன் இங்கதான் படிச்சான், கடைசி வருஷம் மூணு கம்பெனிக்காரங்க அவன் ஒருத்தனுக்காக கேன்டீன்ல சண்ட போட்டு ஒருத்தன் டை கிழிஞ்சிபோச்சு, டை கிழிஞ்ச கம்பெனி பாவம்னு அதுலயே சேந்தான், இப்ப அமெரிக்காவுல இருக்கான், தோச மாவுக்குன்னே தனியா ஒரு ஃபிரிஜ்ஜு வெச்சிருக்கான்னு சொல்லுச்சு. மாவுக்குத் தனி ஃபிரிஜ்ஜுன்னதும் அர்ஜுனன் விழுந்துட்டான் தம்பி. மத்ததக்கூட யோசிச்சிருப்பான். பொய் சொல்றவன் ஃபிரிஜ்ஜு வரைக்கும் போவானான்னு நெனச்சிட்டான்.

இன்னொண்ணும் சொல்லுச்சு அந்தப் பெருசு. கவர்மெண்ட் காலேஜ்ல படிச்சா வேலைய நீ தேடணும், இங்க படிச்சா வேலை உன்னத் தேடும்னு. அர்ஜுனன் அத வீட்டுல போயி அப்படியே சொல்லிருக்கான். லட்சுமம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சாம். அந்தாளு எதுக்குய்யா அன்னிக்கி அங்க உக்காந்திருந்தாரு, பையன்தான் படிச்சி முடிச்சிட்டானேன்னு. அர்ஜுனனுக்குக் கோவம் வந்துடுச்சு. உனக்கு எல்லாமே சந்தேகம்னுட்டான்.

அப்ப ஃபேக்டரியில வி.ஆர்.எஸ். குடுத்துக்கிட்டிருந்த நேரம். இன்னும் பாக்கி இருந்த பன்னெண்டு வருஷ சர்வீஸ விட்டுட்டு மொத்தமா வாங்கிக்கிட்டு வந்துட்டான். அது ரெண்டு வருஷ ஃபீஸுக்கு வந்துச்சு. மிச்ச ரெண்டு வருஷத்துக்குத் தளம் போட்ட வீட்ட ஒத்திக்கி வுட்டுட்டு, பின்னால ஷீட் போட்ட ரூம்புக்குப் போயிட்டாங்க. இங்க ஃபீஸு வருஷா வருஷம் புதுப் பேருல வரும் தம்பி. நோட்டீஸ்ல ஒண்ணு போட்டிருக்கும், வந்து சேந்தப்புறம் டெவலப்மெண்ட்டுன்னு ஒண்ணு, டிரெய்னிங்னு ஒண்ணு. பிளேஸ்மெண்ட்டுக்கே ஒரு ஃபீஸு உண்டு.

ஆனா பையன் படிச்சான். கொற சொல்லக் கூடாது. ரெண்டாயிரத்துல ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு. அர்ஜுனன் அன்னிக்கி மைசூர்பாக்கு வாங்கிக்கிட்டு இங்க வந்து அந்தப் பெருசத் தேடி, கால்ல விழுந்தான். அப்பத்தான் உமேஷு படத்த சுவத்துல மாட்டுனாங்க. தோ, அந்த சுவரு. மூணாவது வரிசையில நீலச் சட்ட, கோடு போட்ட டை. பேருக்குக் கீழ கம்பெனி பேரும் இருக்கும். அந்தக் கம்பெனி இப்ப இல்ல. படம் இருக்குது.

சேர்ற தேதி சொல்றோம் சொல்றோம்னு ஒரு வருஷம் ஓட்டுனாங்க. அமெரிக்காவுல ஏதோ கம்ப்யூட்டர் வியாபாரக் குமிழி ஒடஞ்சுதாமே, அதுல இங்க எத்தன வீட்டு ஓடு ஒடஞ்சுதுன்னு எந்தப் பேப்பர்லயும் போடல. ஒருநாள் கம்பெனியே கேட்டப் பூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. காலேஜ்ல போயிக் கேட்டா, லெட்டர் வந்துச்சா இல்லியா, எங்க வேல முடிஞ்சுதுன்னுட்டாங்க. உங்க கையில இருக்கிற புஸ்தகத்துல நூத்துக்கு நூறு பேருக்கு வேலைன்னு போட்டிருக்கே, அதுல உமேஷும் ஒருத்தன்.

நாப்பத்துமூணு கூப்பிடறாங்க. நீங்க உக்காருங்க.

அப்ப ஹெப்பகோடியில ஒரு மெஷின் ஷாப்புல வேல வந்துச்சு. அர்ஜுனனோட பழைய ஃபேக்டரி சிநேகிதன் ஒருத்தன் மூலமா. சம்பளம் கம்மிதான், ஆனா கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின், கத்துக்கிட்டா மேல வரலாம். லட்சுமம்மா போடான்னுச்சு. பையனும் அரை மனசாக் கெளம்பிட்டான். கெடுத்தது யாருன்னீங்க? அர்ஜுனன்தான். இருடா, ஒருத்தர் இருக்காருன்னு சொல்லி, பயோடேட்டாவ ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு இந்த ஹாலுக்கு வந்தான். மூணு நாள் உக்காந்திருந்தான். மூணாவது நாள் பெருசு வந்துச்சு. அண்ணே, உங்க பையன்கிட்ட சொல்லி எம்புள்ளைக்கி ஒரு வழி பண்ணுங்கண்ணேன்னு கவர நீட்டிட்டான்.

திட்டியிருந்தாப் பரவால்ல தம்பி. சட்டையப் புடிச்சிருந்தாக்கூட சரி. அவன் அமெரிக்காக்காரனுக்கு பயோடேட்டா கொண்டாந்தான்.

பெருசு என்னா செய்யும்? வாங்கிக்கிச்சு. அனுப்பறேன்னுச்சு. அடுத்த மாசம் கேட்டான், என் பையன் பாத்தானாம், ரொம்ப நல்லாருக்குன்னானாம்னுச்சு. அதுக்கடுத்த மாசம், மேனேஜர்கிட்ட குடுத்திருக்கான்னுச்சு. நடுவுல பேரன் பேத்தியெல்லாம் பொறந்துச்சு அமெரிக்காவுல. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் சொல்லுச்சு. அவன் மொகம் அப்படியே மலரும், அதப் பாத்தா இன்னும் ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லத் தோணும். இந்த ஊரு ஆஸ்டின் டவுன்ல, தன் வீட்டுப் பக்கத்துல இருக்கிற சின்னப்பா மருந்துக்கடை நம்பர ஒரு சீட்டுல எழுதி உமேஷு கையில குடுத்துச்சு, அவசரம்னா இதுக்குப் பண்ணு, என்னக் கூப்பிடுவாங்கன்னு. ஹெப்பகோடி வேலைக்கு வேற ஒருத்தன் போயிட்டான்.

ஒரு வருஷம் தம்பி. ஒரு எளந்தாரிப் பையன் ஒரு வருஷம் ஷீட் வீட்டுக்குள்ள ஒக்காந்து லெட்டருக்குக் காத்திருந்தான். கடைசில அர்ஜுனனே பொறுமை போயி ஒருநாள், நாலு வருஷம் என் ரத்தத்தக் குடிச்சிப் படிச்சிட்டு நாற்காலி தேய்க்கிறியேன்னு ஒரு வார்த்த விட்டுட்டான். பையன் எந்திரிச்சிட்டானாம். சம்பாதிச்சாத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்னு சொல்லிட்டு, ஒரே சட்டையோட எறங்கிட்டான். நேரா ஆஸ்டின் டவுனுக்குத்தான் கெளம்பியிருக்கான், அந்தப் பெருசப் பாக்க. ஓசூர் ரோட்டுல ரோடு தாண்டறப்ப மணல் லாரி.

சட்டப் பையில ஒண்ணுமில்ல. அந்த மருந்துக்கடை நம்பர் எழுதின சீட்டு மட்டும்.

போலீஸ் கடைக்கிப் போன் பண்ணாங்க. சின்னப்பா ஆளனுப்பினாரு. பெருசு ஆஸ்பத்திரிக்கிப் போச்சு. பின்பக்கம் ஒரு ரூமு, கடைசி மேசை. கான்ஸ்டபிள் துணிய வெலக்கினாரு. பாத்தேன். மொகத்துல ஒரு கீறல் இல்ல. யாரு, கொத்தா, தெரியுமான்னு கன்னடத்துல கேட்டாரு. கொத்தில்ல, தெரியாதுன்னுட்டேன்.

ஆமா தம்பி. நான்தான். வேற யாரு இருக்கப் போறா.

ஆயுசு முழுக்க பொய் சொன்னவன் நான். யானை, ராஜா, தொரைங்க, எவ்ளோ பெரிய பெரிய பொய்யி. நான் சொன்னதுலயே சின்னப் பொய் அதுதான். ஒரே வார்த்த. இவன் பேரு உமேஷு, பொம்மனஹள்ளின்னு சொல்லியிருந்தா, அவங்கப்பனக் கூட்டியாரச் சொல்லியிருப்பாங்க. அவன் வந்து, ஏண்ணே உங்க நம்பர் இவன் பையிலன்னு கேட்டிருப்பான். அப்புறம் எம்பையனப் பத்திச் சொல்லணும். எனக்குப் புள்ளையே கெடயாது தம்பி. எனக்கும் என் பொண்டாட்டி டோரதிக்கும் அந்தக் குடுப்பின இல்ல. ஏலக்கடையில கூட்டத்துல நம்மாளு ஒருத்தன் கலந்து உக்காந்திருப்பான், வெலய ஏத்திவிட. இங்க அந்த வேலைதான் எனக்கு. அட்மிஷன் ரெண்டு மாசமும் தெனம் வருவேன், மத்த மாசம் காசு வாங்க எப்பவாவது. தலைக்கி இவ்ளோன்னு குடுப்பாங்க. இன்னிக்கி உங்க தலை.

எந்திரிக்காதீங்க. கேளுங்க. இன்னும் சொல்லி முடிக்கல.

பத்து நாள் கழிச்சி அர்ஜுனன் வந்தான். பையன் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டான்ணே, உங்ககிட்ட வந்தானான்னு கேட்டான். வாயத் தெறந்தேன் தம்பி, சொல்லிடலாம்னுதான் தெறந்தேன். வந்தான்பா, எம்பையன் கம்பெனி பம்பாய் ஆபீஸ்ல சேத்துவிட்டுட்டான், ஒம்மேல கோவமா இருக்கான், ஆறட்டும், விட்டுப்புடின்னு வந்துச்சு. அவன் என் கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கிட்டான். அதுக்கப்புறம் இந்தக் காலேஜ்லயே வாட்ச்மேன் வேல கேட்டு வாங்கிட்டான். நான் வர்ற எடமாம், பையன் சேதி கெடைக்குமாம். காலைல வந்ததும் ஈரத்துணி எடுத்து அந்தப் படத்த மட்டும் தொடைப்பான். ரெண்டு வருஷமாச்சு. மாலை போட வேண்டிய படம் தம்பி அது. யாருக்கும் தெரியாது.

ஏன் உங்ககிட்ட சொல்றேன்னுதானே பாக்கறீங்க. இன்னிக்கிக் காலைல மெயின் கேட்ல என்ன நிறுத்தினான். யூனிஃபார்ம் பையிலேருந்து டிக்கெட் எடுத்துக் காட்டறான். வெள்ளிக்கெழம பம்பாய் போற உத்யான் எக்ஸ்பிரஸ், ரெண்டு சீட்டு. லட்சுமம்மா பையனுக்குன்னு ஓமப்பொடி பண்ணி டின்னுல அடச்சிருக்குதாம். கோவம் இருந்தா இருந்துட்டுப் போவட்டும்ணே, தூரத்துலேருந்து பாத்துட்டு வந்துடறோம், சாயங்காலம் போறப்ப அட்ரஸ் மட்டும் எழுதிக் குடுங்கன்னான்.

ஒரு அட்ரஸ் சொல்றது எனக்கு என்ன கஷ்டம்? தாதர், ரெண்டாவது மாடி, பக்கத்துல ஒரு பால் பூத்துன்னு எழுதிடுவேன். காலைலேருந்து எழுதப் பாக்கறேன், வர மாட்டேங்குது.

நாப்பத்தேழு. உங்களத்தான் கூப்பிடறாங்க. கவுன்ட்டரு அந்தப் பக்கம். என்னா, வெளியவா போறீங்க? பொண்ணு அழும். அழட்டும். சேலம் நல்ல ஊருதான்.

அப்ப ஒண்ணு கேக்கறேன் தம்பி. நான் உங்களுக்கு ஒரு நல்லது சொன்னேன் இல்ல? இந்தச் சீட்டப் புடிங்க. ஆஸ்பத்திரிப் பேரு, தேதி, எங்க பொதைச்சாங்கன்னு எல்லாம் எழுதியிருக்கேன். யாரும் கேக்காத பொணம்னு அவங்களே பொதைச்சிட்டாங்க, நான் போயி எடத்தப் பாத்துட்டு வந்தேன். மெயின் கேட்ல காக்கிச் சட்ட, மெலிசா, மீச நரைச்சவரு. நல்ல மனுசன், நீங்க சொன்னா நின்னு கேப்பாரு. பொண்ண முன்னால ஆட்டோல ஏத்திட்டுச் சொல்லுங்க. உக்கார வெச்சிச் சொல்லுங்க, வெயில்ல நிக்கறாரு. இன்னிக்கி நான் பின் கேட்டு வழியாப் போயிடறேன்.

யாரு சொன்னாங்கன்னு கேப்பாரு. கண்டிப்பாக் கேப்பாரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி.