ஜெனரேட்டரை மறைக்கும் ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவன் முதலில் தன் வீட்டுச் சத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஐயா. லேகோஸில் கரண்ட் போனால், பல வீடுகள் சேர்ந்த எங்கள் வளவு முழுக்க ஜெனரேட்டர்தான். அதனால் இக்கேஜா கடைத்தெருவில் நான் அவசரப்படவில்லை.

"பாட்டுக்கா, கேமுக்கா?" என்றாள் கடைக்காரி இஃபெயின்வா.

"ரெண்டுக்கும். பக்கத்துலயே ஜெனரேட்டர் ஓடினாலும் காதுல விழக்கூடாது."

சின்ன ஜோடி ஒன்றையும் தரையில் வைத்தால் அதிரவைக்கும் பாஸ் பெட்டியையும் எடுத்து வைத்தாள். "சின்னதுன்னு பாக்காதீங்கண்ணே. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா?"

கடை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாடவிடச் சொன்னேன். "பாட்டுக் கேக்கப் போறீங்களா, ஜெனரேட்டரோட சண்டைக்குப் போறீங்களா?" என்று சிரித்தாள். இயந்திரம் ஓடுவதே தெரியவில்லை. அதையே வாங்கினேன்.

அது என் அறைத்தோழன் டாமுனோவுக்கு. இருவரும் கம்ப்யூட்டரில் கால்பந்து ஆடுவோம். அவன்தான் ஜெயிப்பான், அது பரவாயில்லை. ஜெயித்ததும் ஜன்னலில் தலையை நீட்டி, "கேட்டுக்கோங்க, நம்ம அண்ணன் இன்னைக்கும் முட்டை!" என்று வளவுக்கே கத்துவான். குழாயடியில் பிள்ளைகள் என்னை முட்டை அண்ணன் என்றார்கள். நான் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். ஆனாலும் அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

ஸ்பீக்கரைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டான். "நீ தங்கம்ணே. இனிமே நீ தோக்குறது ஊருக்கே கேக்கும்."

ஞாயிறு மதியம் கரண்ட் போனது. ஆடினோம். மூன்று கோல் வாங்கியிருந்தேன். நான் எதிர்பார்த்தபடியே மேல்வீட்டு அம்மா, "ஜன்னலைச் சாத்துங்கடா, இல்ல வந்து அந்தப் பெட்டிய ஒடச்சிருவேன்" என்றார். நானே எழுந்து சாத்தினேன். சாப்பிட வாங்கி வருவதாகச் சொல்லி ஆட்டத்தை நிறுத்திவைத்தேன். அவன் பாட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான்.

"சீக்கிரம் வாண்ணே. இன்னும் உதை பாக்கி இருக்கு."

முற்றத்தில் ஓடிய எங்கள் ஜெனரேட்டரைத் தள்ளிவந்து எங்கள் அடுக்களைக்குள் விட்டு, வெளிக்கதவைச் சாத்தினேன். மூடிய வீட்டில் அந்தப் புகை என்ன செய்யும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். சத்தம் கிட்டே வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. நல்ல ஸ்பீக்கர்.

தெருமுனையில் சுட்ட வாழைக்காயும் மீனும் இரண்டு பேருக்கு வாங்கினேன். அவன் பங்கு ஆறிக்கொண்டிருந்தது. அதையும் நானே தின்றேன்.

திரும்பி வந்து ஜெனரேட்டரை வெளியே தள்ளினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, காற்று மாறும்வரை முற்றத்தில் நின்றேன். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் எழவில்லை. திரையில் ஆட்டம் விட்ட இடத்திலேயே நின்றது.

உட்கார்ந்து மிச்சத்தை ஆடினேன். நான்கு கோல். அவன் கன்ட்ரோலர் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் அதைத் தொடவேயில்லை. நான் ஏமாற்றி ஆடுகிறவன் இல்லை.

நான்குக்கு மூன்று. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.