சேமிக்கப்பட்டது

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா சார்? எனக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பேச்சுத்துணை ஏது? கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். என் போக்கில் சொல்ல விடுங்கள். நடுவில் மறித்தால் பயத்தில் எல்லாம் மறந்துவிடும்.

எங்கள் மருத்துவமனையின் நோயாளிக் கோப்புகள் எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. வார்டில் நர்ஸ் ஒரு குறிப்பைத் தட்டினால் அது சர்வருக்கு வந்து ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதப்படும். எழுதி முடித்த பிறகுதான் அவர் திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வரும். நோயாளிகள் பெருகப் பெருக, அந்தச் சொல் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம் என்று நர்சுகள் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். பெரிய டாக்டர் கேலி செய்கிற ரகமில்லை. எல்லார் முன்னிலையிலும், இதைச் சரிசெய்ய முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேர்மையான வழிகளைத்தான் முதலில் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் திறந்த நேரத்தை சர்வர் குறித்துவைக்கும்; அந்த வெட்டிவேலையை நிறுத்தினேன். ஒரே சமயத்தில் அதிகம் பேருக்குப் பதில் சொல்லும்படி செய்தேன். கொஞ்சம் தேவலாம் என்றார்கள், அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். அமைப்புக் கோப்பில் 'சிங்க்' என்று இருப்பதை 'ஏசிங்க்' என்று மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால், குறிப்பு வந்து சேர்ந்ததுமே சர்வர் 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லிவிடும். வட்டில் எழுதுவது பிறகு, அதற்கு ஒழியும்போது. இடையில் மின்சாரம் போனால் எழுதாதது போனதுதான். லினக்ஸ் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். படித்தேன். படித்துவிட்டுத்தான் மாற்றினேன்.

மறுநாள் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். பெரிய டாக்டர் தோளில் தட்டினார். பொதுவார்டில் நர்சாக இருக்கும் என் அண்ணி, வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் என்னைப் பற்றித்தான் பேசினார். அண்ணன் கல்யாணம் நடந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்ததும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். அவர் வாயால் பாராட்டு வாங்கியது எனக்குப் பெரிய விஷயம்.

அந்த வேகத்தால் இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் ஷிப்ட் மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்சைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய் வாய்விட்டுச் சொல்வார். திரைதான் மெதுவாயிற்றே. இப்போது எல்லாம் கண்ணெதிரே உடனே வருவதால் அந்தப் பழக்கம் நின்றுபோனது. நான் அதைப் பார்த்தேன். நிறுத்தாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தால், ஏன் என்று கேட்பார்கள். சர்வருக்கான யுபிஎஸ் பேட்டரி உப்பிப்போயிருந்ததும் தெரியும். மாற்றுங்கள் என்று அவசரப்படுத்தினாலும் அதே கேள்விதான் வரும். எனக்கு அந்தக் கேள்விதான் பயம் சார்.

அன்று மத்தியானம் ஷிப்ட் மாறுகிற நேரம். பொதுவார்டில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர், காலில் சீழ் வைத்துக் காய்ச்சலில் அரைமயக்கமாகக் கிடந்தார். அவர் மனைவி வீட்டுக்குக் கிளம்பும் முன், ஒரு மருந்தின் பேரைச் சொல்லி, முன்பு அதைப் போட்டபோது முகம் வீங்கி மூச்சடைத்தது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி அதைக் கோப்பில் ஏற்றினார். 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. உடனே மின்சாரம் போனது. ஜெனரேட்டர் கிளம்புவதற்குள் பேட்டரி கைவிரித்துவிட்டது. சர்வர் அணைந்து, தானாக எழுந்து நின்றது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போது அண்ணி போன் செய்தார்.

"தம்பி, வேன்காரர் கோப்புல இப்பதான் ஒண்ணு போட்டேன், அதுக்குள்ள கரண்டு போயிடுச்சு. இங்க ஸ்கிரீன் இன்னும் வரல. அது இருக்குதான்னு சொல்லு, நான் கிளம்பணும்."

ஒரு நிமிஷம் அண்ணி என்றேன். பிறகு சொன்னேன்:

"இருக்கு அண்ணி. நீங்க கிளம்புங்க."

அடுத்த ஷிப்ட் நர்ஸ் திரையைப் பார்த்தார். டாக்டர் ஏற்கெனவே எழுதியிருந்த ஊசியைப் போட்டார். அதே மருந்து. ஓட்டுநர் சாயங்காலத்தைப் பார்க்கவில்லை.

செய்தி வந்ததும் அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றிவிட்டேன். சர்வர் மறுபடி மெதுவானது. மின்சாரம் போனதில் வட்டு அடிபட்டிருக்கலாம் என்றேன், நம்பினார்கள். மருத்துவமனை விசாரணையில் என்னைக் கேட்டபோது, அப்படி ஒரு குறிப்பு வட்டில் எழுதப்படவே இல்லை என்று சொன்னேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. போட்டேன், என் கண்ணால் பார்த்தேன் என்று அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அவர் வேலை போனது. இப்போது உங்கள் போலீஸ் வழக்கும் அவர் பேரில்தான் இருக்கிறது. சிறைக்குப் போக நேரும் என்று வக்கீல் சொன்னதிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

எனக்குப் போன் செய்ததை அண்ணி உங்கள் யாரிடமும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஒவ்வொரு முறை அவரை இங்கே கூப்பிட்டபோதும், இன்று சொல்லிவிடுவார் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. போன வாரம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஒரே ஒரு முறை கேட்டார்.

"அன்னைக்கு நீ பாக்காமத்தானே சொன்ன, தம்பி?"

ஆமாம் அண்ணி, ஏதோ பதற்றத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். அப்ப சரி என்றார். அவர் முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். பதற்றத்தில் வாய் தவறிய பிள்ளையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று முடிவுசெய்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வைக்கும் சோற்றை என்னால் சாப்பிட முடியவில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

நான் பார்த்தேன் சார். அந்த ஒரு நிமிஷத்தில் ஓட்டுநரின் கோப்பைத் திறந்தேன். அண்ணியின் குறிப்பு அதில் இல்லை. இல்லை என்று சொன்னால் அவர் சும்மா இருக்க மாட்டார், ஒவ்வொரு வார்டாக ஓடி எல்லாரையும் மறுபடி ஏற்றச் சொல்வார், பெரிய டாக்டர் ஏன் என்று கேட்பார். இதெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. யோசித்துவிட்டுத்தான் இருக்கிறது என்றேன்.

அண்ணியை விட்டுவிடுங்கள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டுச் சொன்னேன் என்பதை மட்டும் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், அவர் மனசு தாங்காது.