மண்ணில் ஒரு குறையும் இல்லை

பெங்களூரில் நான் குடியிருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறையின் எக்சாஸ்ட் ஃபேன்தான் தெரியும். அதற்குள் ஒரு புறா கூடு கட்டியிருந்தது. என்னைவிட அதற்கு இடம் தாராளம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதற்கு வாடகையும் கிடையாது.

இந்த ஊருக்கு எதற்காக வந்தாய் என்று கேட்டீர்கள், சார். அதனால்தான் புறாவிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குக் கன்னடம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். தமிழில் சொல்கிறேன், விமலா மேடம் கன்னடத்தில் எழுதிக்கொள்ளட்டும். இந்த ஊரில் போலீஸ் ஸ்டேஷனில்கூடத் தமிழ் செல்லுபடியாகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

என் பெயர் இவான். சொந்த ஊர் நாகர்கோவில். கல்யாணம் ஆகவில்லை. பெரிய கம்பெனிகள் ஆட்களை வேலையை விட்டு அனுப்பும்போது அந்த ஆட்களுக்குப் போகும் மின்னஞ்சல்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. படிப்பவர் மனம் நோகக் கூடாது, ஆனால் விஷயம் புரிந்துவிட வேண்டும். நான் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ஒருவர் எனக்கே நன்றி சொல்லிப் பதில் போட்டிருக்கிறார். இந்த வேலைக்கு ஒரு மேசை, இன்டர்நெட், அமைதி, இவ்வளவு போதும். இதைப் பெங்களூரில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்படித்தான் மைசூர் மைன்ஸில் ஐடா அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அது தங்கச் சுரங்கம் ஓடிய காலத்து வரிசை வீடு. ஒரு பாதியில் அக்காவும் அவர் கணவர் பர்னபாஸ் அண்ணனும் மகள் ஸ்வீட்டியும். மறு பாதி வாடகைக்கு. பெங்களூரில் எனக்கு முன்பணம், சம்பளச் சான்று, சைவமா அசைவமா என்று பெரிய விசாரணையே நடக்கும். இங்கே அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சர்ச்சுக்குப் போவீங்களா தம்பி?”

“போவேன் அக்கா.”

“அப்ப சாவிய வாங்கிக்கோங்க. பைப்புல காலைல மட்டுந்தான் தண்ணி வரும், புட்ச்சி வெச்சிக்கணும்.”

வாடகை பெங்களூரில் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. பின்பக்கம் ஒரு கொய்யா மரம், கொஞ்சம் தக்காளிச் செடி. தூரத்தில் ஒருகாலத்தில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய பழைய ஷாஃப்டின் இரும்புக் கோபுரம், அதற்குப் பின்னால் சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய மண், மலைபோல. சாயங்கால வெயிலில் அந்த மலை பொன் நிறமாகிவிடும். விஷம் கலந்த மண் என்கிறார்கள். பார்ப்பதற்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பர்னபாஸ் அண்ணன் பெங்களூரில் ஒரு டெக் பார்க்கில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, இருட்டிய பிறகு வீடு திரும்புவார். பேச்சுவாக்கில் ஒருநாள் கேட்டபோது, அவர் காவல் காக்கும் கட்டிடம் என்னுடைய ஆபீஸ் இருக்கும் கட்டிடம்தான் என்று தெரிந்தது. நான் போகாத ஆபீஸை அவர் தினமும் போய்ப் பார்த்துக்கொள்கிறார். நான் அவர் வீட்டுக் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் பொருந்தி வந்த ஏற்பாடு என்றுதான் அப்போது நினைத்தேன்.

வந்த புதிதில் அக்கா எனக்கு ஒன்றைச் சொல்லிவைத்தார். வீட்டு வரிசைக்குப் பின்னால், மண் மலைக்குப் போகும் வழியில், சுரங்கத்துக்குக் காற்றுப் போக வெட்டிய ஒரு பழைய குழி இருந்தது. மேலே போட்டிருந்த பலகை எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. சுற்றிலும் இடுப்பளவு புல்.

“அங்க மட்டும் போயிடாதீங்க தம்பி. கீழ லெவல் லெவலா வெட்டி வெச்சிருக்காங்க. மேல நாங்க குடும்பம் பண்ணினு இருக்கோம். ஏசுபாதம் அண்ணன் முள்ளு போட்டு வெச்சிருக்காரு. செகப்புத் துணி கட்டின குச்சி ஒண்ணு நட்டிருப்பாரு, அதான் அடையாளம்.”

ஏசுபாதம் ஆடு வளர்ப்பவர். குழிக்குள் ஆடு விழுந்துவிடக் கூடாது என்று அதைச் சுற்றி முள் வெட்டிப் போடுவார், காய்ந்தால் மாற்றுவார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. யாரும் கூலி கொடுத்ததும் இல்லை. இந்த ஊரில் மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். அந்தப் பண்பாடு கெட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை முழுவதும். தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

தவறு என்று பார்த்தால் என்னுடையது ஒன்றுதான். கொய்யா மரத்தடியில் லேப்டாப்பை வைத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். “நகரத்தை விட்டு வெளியேறினேன், மூச்சு விடுகிறேன்” என்று நாலு வரி. ஆயிரக்கணக்கானவர்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. நல்ல இடத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லலாம், ஆனால் இடம் எங்கே என்று சொல்லக் கூடாது.

என் ஆபீஸில் லாய்ட் என்று ஒருவர். கலகலப்பான ஆள். படத்தின் ஓரத்தில் தெரிந்த இரும்புக் கோபுரத்தை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அக்கா பிரியாணி போட்டார். இரண்டாம் முறை பரிமாறும்போதே, “அக்கா, நானும் இங்கயே வந்துடறேன்” என்றார். வந்தும் விட்டார். அடுத்த வரிசையில் வீடு எடுத்தார். அவரைப் பார்த்து அவருடைய நண்பர்கள் வந்தார்கள், அவர்களைப் பார்த்து வேறு சிலர். எல்லோரும் என்னைப் போலவே இருந்தார்கள். அது எனக்குச் சகிக்கவில்லை.

டீக்கடை அந்தோணி பலகையில் ‘கோல்டன் லாட்டே’ என்று எழுதி வைத்தார். அது மஞ்சள் போட்ட பால். எனக்கும் அதையே கொடுத்து அதற்கான விலையை வாங்கினார். “நான் பழைய ஆள், அந்தோணி” என்றேன். “நீங்க போன வருசம் வந்தவரு, அவரு இந்த வருசம் வந்தாரு. இன்னா வித்தியாசம் சார்?” என்று கேட்டார். அவர் நல்ல மனிதர்தான். யோசிக்கத் தெரியாதவர்.

வரிசை வரிசையாக வாடகை ஏறியது. ஊர் ஆட்களில் இரண்டு குடும்பம் கட்டுப்படியாகாமல் பூதிகோட்டைப் பக்கம் போய்விட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது. அதைப் பற்றியும் நாலு வரி எழுதிப் போட்டேன். நல்ல வரவேற்பு.

பிறகு ஒரு மாலை அக்கா என் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கிண்ணத்தில் கேசரி. அதைக் கொடுக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஸ்வீட்டிக்கு நர்சிங் சீட்டு கெடைச்சிருக்குது. லாய்ட் தம்பி இந்தப் பக்கம் மொத்தமும் கேக்கறாரு. கட்டில் கட்டிலாப் போட்டு, உங்கள மாதிரி பசங்க பத்துப் பேர தங்க வெக்கணுமாம். நெறையத் தர்றேன்றாரு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க.”

“தாராளமாக் கொடுங்க அக்கா. ஸ்வீட்டி படிப்புதான் முக்கியம்.”

அவர் கண் கலங்கிவிட்டது. “உங்க மனசு யாருக்கு வரும்” என்றார். கேசரியை அப்போதுதான் கொடுத்தார். முந்திரி நிறையப் போட்டிருந்தார்.

அடுத்த நாள் ஏசுபாதம் சந்தைக்குப் போயிருந்தபோது குழியைச் சுற்றியிருந்த முள்ளை எடுத்தேன். கைக்கு உறை போட்டுக்கொண்டேன். எடுத்த முள்ளை எறிய மனம் வரவில்லை, நல்ல முள். அவருடைய ஆட்டுப் பட்டியில் வேலி பிரிந்திருந்த இடத்தில் கொண்டுபோய் அடைத்தேன். குச்சி, தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க உதவியது. சிவப்புத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அலமாரியில் இரண்டாவது தட்டு.

சாயங்காலம் லாய்டை நடைக்குக் கூப்பிட்டேன். கோபுரமும் மண் மலையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு இடம் இருக்கிறது, உன் விடுதி விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாம் என்றேன். சந்தோஷமாக வந்தார். வழி நெடுகத் தன் திட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். கொய்யா மரத்தை வெட்டிவிட்டு அங்கே சிமென்ட் போட்டு நாற்காலிகள் போடப் போவதாகச் சொன்னார். என் பேரில் ஒரு மூலையை ஒதுக்குவதாகவும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

புல்லுக்கு இந்தப் பக்கம் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தபடி நின்றார்.

“கோபுரம் முழுசா வரல. கொஞ்சம் பின்னால போ” என்றேன்.

“இங்கயா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இப்ப?”

“இன்னும் ஒரே ஒரு அடி.”

நான் அவரைத் தொடவில்லை. இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். படம் நன்றாக வந்திருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் காலடியில் முள்ளோ குச்சியோ இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரியும். போன் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. என் பெயரைச் சொல்வது போல இருந்தது, காற்றாகவும் இருக்கலாம். எனக்கு அப்போது ஒரு மீட்டிங் இருந்தது. ஒரு நூல் ஆலையில் முன்னூறு பேருக்குக் கடிதம் தயாராக வேண்டும். அதை முடித்துவிட்டுத்தான் அக்காவிடம் போய், படம் எடுக்கப் போன இடத்தில் லாய்ட் குழிக்குள் விழுந்துவிட்டார் என்றேன். விழுந்த உடனே உயிர் போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். நான் அவரைத் திருத்தவில்லை. லாய்டின் அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது.

அடுத்த நாட்களில் இந்த ஊரின் அருமையை முழுதாகப் பார்த்தேன். கயிறு போட்டு லாய்டைத் தூக்கும்போது வரிசை மொத்தமும் நின்று ஜெபம் சொன்னது. பர்னபாஸ் அண்ணன் வேலைக்குப் போகவில்லை, என் தோளை விட்டுக் கையை எடுக்கவில்லை. “உங்களையும் சேத்து இழுக்காம உட்டுச்சே தம்பி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார். அக்கா கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஆபீஸுக்கு இரங்கல் கடிதம் நான்தான் எழுதினேன். நான் எழுதியதில் அதுதான் சிறந்தது என்று மேலாளர் சொன்னார்.

பெங்களூர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். அந்தோணி பலகையை அழித்துவிட்டு டீ என்று எழுதினார். வாடகை இறங்கியது. எனக்கு அக்காவே குறைத்துக்கொண்டார், கண்ணால் பார்த்த பிள்ளை என்று. ஸ்வீட்டி நர்சிங்குக்குப் போகவில்லை. பெங்களூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அப்பாவோடு அதே ரயிலில் போய் வருகிறாள். குடும்பம் ஒன்றாக இருப்பதும் நல்லதுதானே.

ஏசுபாதத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். குழியின் முள் அவர் பட்டியில் இருந்ததால் அவர்தான் எடுத்தார் என்று முடிவு செய்தீர்கள். அவர் இல்லாமல் ஆடுகள் தெருவில் அலைகின்றன. அதற்காக நான் இங்கே வந்திருக்கிறேன் என்று விமலா மேடம் நினைக்கிறார் போலிருக்கிறது, கொஞ்சம் முன்னால் தண்ணீர் கொடுத்தார். அதுவும் ஒரு காரணம் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் விஷயம் வேறு. போன வாரம் அதிகாரிகள் வந்து எங்கள் வரிசையை அளந்தார்கள். மண் உள்வாங்குகிறது, வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று சுவருக்குச் சுவர் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். அக்கா வாசலில் உட்கார்ந்து அழுகிறார். பர்னபாஸ் அண்ணனின் அப்பா அந்த வீட்டிலிருந்துதான் ஷிஃப்டுக்குப் போனாராம். நான் அவர்களில் பெரிய அதிகாரியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மண் உள்வாங்கவில்லை, அது பழைய குழி, எல்லோருக்கும் தெரிந்த குழி, சுற்றியிருக்கும் நிலம் உறுதியானது என்றேன்.

“நெலமும் நல்லா நிக்குது, குழியும் எல்லாருக்கும் தெரியும்னா, ஒரு ஆள் எப்படி விழுந்தாரு?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இங்கே வராமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே சொல்கிறேன். நிலம் தானாக அவரை விழுங்கவில்லை. முள்ளை எடுத்தவன் நான், குச்சியைப் பிடுங்கியவன் நான், பின்னால் போகச் சொன்னவன் நான். லாய்டைக் கொன்றது நான்தான். மண்ணில் ஒரு குறையும் இல்லை. இதில் ஒரு பிரதியை அந்த அதிகாரிக்கு இன்றே அனுப்பினால் குறியை அழித்துவிடுவார்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். வெளியே ஐடா அக்கா வந்து நிற்கிறார் என்றீர்கள். அவர் அழுவதாகவும் சொன்னீர்கள், இருக்கும், நல்ல செய்திதானே. நான் திரும்பி வரும்வரை என் பாதியை வேறு யாருக்கும் விட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.